சோடா கம்பெனிச் சாவி

இயேசு மரி சூசை துணை

ஓசூர்
3-3-1968

அன்பு மகன் பிரகாசத்துக்கு அம்மா லூர்தம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நான் நலம், உன் அப்பா முக்கால் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை, மருமகள் மேரிராணி தனியாக எழுதிவிட்டாள். லேத் மிஷின் ஓடும்போதே நின்றபடி தூங்கினாயாம், சட்டைக் கை மாட்டிக் கிழிந்ததாம். சட்டையோடு போயிற்று, கை போயிருந்தால் என்ன செய்வாய். அவளைத் திட்டாதே, நான்தான் உண்மையை எழுதச் சொல்லியிருந்தேன். ஆனால் உன் கடிதத்தில், நான் ஒரு நாள் இல்லாவிட்டாலும் பட்டறை நின்றுவிடும், ஈஸ்டருக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். இதே வார்த்தையைப் பதினொரு வருஷமாக உன் அப்பா வாயால் கேட்டவள் நான். உன் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோடா கம்பெனிக்குப் போனாரே, நினைவிருக்கிறதா. அன்று நான் அழுதேன், பெண் வீட்டார் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பொங்கல் கழிந்த வாரம் அவர் மிஷின் அறையிலேயே மயங்கி விழுந்ததை உனக்கு அப்போது எழுதவில்லை. பெங்களூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, பெரிய வியாதி ஒன்றும் இல்லை, இந்த மனுஷர் தூங்கிப் பல வருஷம் ஆகிறது, அவ்வளவுதான் என்றார். இருபத்திரண்டு நாள் படுக்கையில் வைத்தார்கள். இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்த மிஷின் அறைச் சாவியை சிஸ்டர் அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். கம்பெனி தொடங்கிய நாளாக அந்த அறைக்குள் நான் போனதில்லை. அவரைத் தவிர யாரும் போனதில்லை. சாந்த் பாஷாவும் கோவிந்தப்பனும் வெளியே பாட்டில் கழுவுவார்கள், கடைகளுக்குப் போடுவார்கள், உள்ளே கேஸ் ஏற்றுவது அவர் மட்டும்.

எவ்வளவு கேஸ் என்று யாருக்கும் தெரியாது. சாந்த் பாஷாதான் சொன்னான், "அக்கா, அண்ணன் உள்ளாற மந்திரம் சொல்லிக்கினே மிஷின் சுத்துவாரு, மூணு தடவ சொன்னா ஒரு ஈடு முடிஞ்சிரும், கதவாண்ட நின்னா கேக்கும்" என்று. என்ன மந்திரம், நாம் செபமாலையில் சொல்லும் அருள்நிறை மந்திரம்தான். சரி என்று நான் வாசலில் நின்று மூன்று மந்திரம் சொன்னேன், அவன் கையில் கோணி சுற்றிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான். மிஷினில் மாட்டியிருந்த இரண்டு பாட்டிலும் வெடித்தன. என் பக்தி போதவில்லை என்று நினைத்து அடுத்த ஈட்டுக்கு இன்னும் நிதானமாகச் சொன்னேன். மத்தியானத்துக்குள் பதினாறு பாட்டில். மிஷினுக்கு வலைக்கதவு இருந்ததால் யாருக்கும் அடியில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவரும் நானும் செபம் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. நான் ஒன்றை முடிப்பதற்குள் அவர் மூன்றை முடித்துவிட்டார். பாதி வார்த்தையை விழுங்குகிறார். இத்தனை வருஷம் மாதாவும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள், சோடா பாட்டில் பொறுக்கவில்லை. அந்த வேகத்தில் மூன்று மந்திரம் சொல்லிப் பார்த்தால் கைப்பிடி இருபத்தைந்து சுற்று. அதைக் கரியால் சுவரில் எழுதினேன். எசன்ஸ் எத்தனை மூடி என்பதையும் அவரிடம் கேட்டு எழுதினேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்வது போலக் குரலை இறக்கிச் சொன்னார். இப்போது பாஷா உருதில் எண்ணுகிறான், கோவிந்தப்பன் தெலுங்கில் எண்ணுகிறான், சோடா ஒன்றுபோலத்தான் வருகிறது. மத்திகிரியில் புதிதாக இரண்டு கடை வேறு கேட்டு வாங்குகிறார்கள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் இதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், இரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் வரை தூங்கினார். நான்காம் நாள் தானாகவே பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய் உன் தங்கை அன்னமேரியின் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். முப்பது மைலில் இருக்கிற பேத்தி, பிறந்து எட்டு மாதம், அன்றுதான் பார்க்கிறார். உனக்கும் அப்படி ஆகக் கூடாது. பிரகாசம், எனக்குப் பயமாக இருக்கிறது. உன் பட்டறையில் இருக்கிற சகாயநாதன் நல்ல வேலைக்காரன் என்று நீயே எழுதினாய். உன் தலைக்குள் இருப்பதைச் சுவரில் எழுதி அவனிடம் விடு. முதலில் ஒரு நாள் போகாமல் இரு, பிறகு இரண்டு நாள். நாலு வேலை கெட்டுப்போகும், போகட்டும். எங்களுக்குப் பதினாறு பாட்டில் போயிற்று, உன் அப்பா மிஞ்சினார்.

மாதா உனக்கும் மேரிராணிக்கும் துணையிருக்கட்டும், இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு முத்தம் தருகிறேன். வேளைக்குச் சாப்பிடு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மிஷினிடம் போகாதே. கவருக்குள் ஒரு சாவி இருக்கும், பத்திரம். மிஷின் அறைப் பூட்டை நான் போன மாதமே கிணற்றில் போட்டுவிட்டேன், அது அவருக்கும் தெரியும், ஆனாலும் சாவியை என்னிடம் திரும்ப வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் திரிந்தார். இன்று காலை இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, தானே அவிழ்த்துக் கொடுத்தார். ஈஸ்டருக்கு அவன் நேரில் கொண்டுவந்து என் கையில் கொடுக்க வேண்டும், தபாலில் வந்தால் வாங்க மாட்டேன் என்று எழுதச் சொன்னார். பூட்டில்லாத சாவி எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காமல் கொண்டு வா.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
சூ. லூர்தம்மாள்