வெட்டச் சொன்ன பதினொரு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

மீட்டுக்கொண்டிருக்கும் பழைய படத்தின் கடைசி டப்பாவையும் இன்று திறந்துவிட்டோம். மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்ததும் கிளம்பிய, கெட்டுப்போகும் ஃபிலிமின் வினிகர் வாடை, சாப்பிட உட்கார்ந்தபோதும் மூக்கை விட்டுப் போகவில்லை. ஆனால் உள்ளே நெகடிவ் பிழைத்திருக்கிறது.

பூதக்கண்ணாடிதான் முதலில் பார்த்தார். எங்கள் ஸ்கேன்காரர், ஃபிலிம் சுருளைக் கணினியில் ஏற்றுபவர். படத்தில் ஒரு பொட்டுத் தூசி இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது, அதனால் இந்தப் பெயர். சுருளை விளக்கில் பிடித்துக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, "அக்கா, இது எந்தப் பிரிண்ட்லயும் இல்லாத சீன்" என்றார்.

கணவன் விட்டுப்போன மறுநாள் கதாநாயகி வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள். அவன் சட்டைகளை மடிக்கிறாள், அவன் தட்டைக் கழுவுகிறாள். வசனம் கிடையாது, இசை கிடையாது. பதினொரு நிமிடம். படம் வெளியான வாரத்திலேயே தியேட்டர்காரர்கள் அதை வெட்டி எறிந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததில்லை.

சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஐம்பத்திரண்டு வயசுல இதுக்குப் போயா?

மார்ச் 5, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பதினொரு நிமிஷம் வீட்டை ஒழுங்கு பண்றாளா? நீ மூணு நிமிஷத்துல எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவியே."

மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு இந்த வாய்க்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இயக்குநர் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "நான் தினமும் ரெண்டு தடவை ஏறுறேம்மா" என்றார். எண்பது வயதுப் பெருமை.

நல்ல செய்தியோடு போகிறோம் என்ற நினைப்பில் போனேன். காட்சி கிடைத்துவிட்டது என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"எரிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். அது வேணாம். தூக்கிடுங்க."

"சார், அது உங்க படத்துல இருந்த சீன்."

"இருந்திருக்கக் கூடாத சீன். படத்த எடிட் பண்ணது என் மனைவி. அப்போ மனைவி. வெட்டிடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. வெட்டியும் வச்சா. நான் அவளுக்குத் தெரியாம திரும்ப ஒட்டி அனுப்பிட்டேன். முதல் நாளே தியேட்டர்ல ஊளை விட்டாங்க. படம் போச்சு. அவளும் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா." ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அவ சொன்னதுதான் சரி. இப்பவாவது அவ சொன்ன மாதிரி இருக்கட்டுமே."

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

உரிமை என்னிடம்தான். சட்டப்படி அவரைக் கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் அது பேச்சா?

நான் சொந்தமாக எடுத்த படங்கள் ஏழு. கடைசிப் படத்துக்கு அரங்கில் ஆட்களைவிட மின்விசிறிகள் அதிகம். அதன்பிறகுதான் பழைய படங்களை மீட்கும் வேலைக்கு வந்தேன். சொந்தக்காரர்கள் இன்னும் 'முன்னே படம் எடுத்துக்கிட்டு இருந்தா' என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள், நான் ஏதோ ஓய்வு வாங்கிவிட்டது போல. போகட்டும். மூன்று படங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளியான நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கொடுப்பது, ஒரு சட்டகம் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. இதை நம்பித்தான் வீட்டுப் பரணிலிருந்து டப்பாக்களை இறக்கித் தருகிறார்கள்.

இன்று இவருக்காக வெட்டினால் நாளைக்கு வேறொருவர் கதாநாயகனின் தொப்பையைக் குறைக்கச் சொல்வார்.

ஆனால் இவர் யாரோ இல்லையே. எடுத்தவர்.

மார்ச் 19, புதன்

போனில் அவரிடம் முடியாது என்று சொன்னேன். நான் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் கத்தினார், நானும் கத்திவிட்டேன்.

"அப்படியே காட்டினீங்கன்னா, இது என் படமே இல்லைன்னு மேடையிலேயே சொல்லுவேன்."

சொல்லக்கூடியவர்தான். சொன்னால் என் தொழில் அதோடு சரி. இயக்குநர் பேச்சைக் கேட்காதவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அப்புறம் யார் பரணில் ஏறுவார்கள்? மே மாதத்துக்கு அரங்கு வேறு பதிவு செய்தாயிற்று.

ஏன் கத்தினேன்? எண்பது வயசு மனுஷன்கிட்ட.

ஏப்ரல் 2, புதன்

எடிட்டரம்மாவைத் தேடிப் போனேன். பஸ்ஸில் அரை நாள் பயணம். தையல் கடைக்கு மேலே, தங்கையோடு இருக்கிறார். இயக்குநரைப் பிரிந்த பிறகு வேறு பெரிய இயக்குநர்கள் பலருக்கு வேலை செய்தவர். பேச்சிலும் ஒரு சொல் கூடுதலாக வராது.

நான் எல்லாம் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"இப்போ வெட்டணும்ங்கிறாரா? நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு? ரொம்ப சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டார்."

"நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"பார்க்காம நான் எதையும் சொல்ல மாட்டேன். போட்டுக் காட்டு. அவரையும் வரச்சொல்லு. முதுகுக்குப் பின்னாடி நான் முடிவு பண்ண மாட்டேன். அது அவரோட பழக்கம்."

ஏப்ரல் 10, வியாழன்

எங்கள் சிறிய திரையறை. இயக்குநர் புதுச் சட்டையில், சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்துவிட்டார். எடிட்டரம்மா வந்ததும் எழுந்து நின்றார். "சௌக்கியமா?" "இருக்கேன். முட்டி வலி. உங்களுக்கு?" "காது." அவ்வளவுதான். நடுவில் மூன்று இருக்கை விட்டு உட்கார்ந்தார்கள். நான் பின்னால்.

அந்தக் காட்சி வந்தது. அவள் சட்டைகளை மடிக்கிறாள், தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். ஏழாவது நிமிடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது, சத்தியமாக. அதற்குப் பிறகு அவள் மடித்த சட்டைகளை எல்லாம் உதறிவிட்டு முதலிலிருந்து மடிக்க ஆரம்பிக்கிறாள். கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது.

விளக்கைப் போட்டேன். இயக்குநர் எடிட்டரம்மா பக்கம் திரும்பாமலேயே, "நீ சொன்னதுதான் சரி. நீளம்" என்றார்.

"நீளம்தான். இன்னைக்கும் என் கையில கொடுத்தா பாதிய வெட்டுவேன்."

"அப்புறம் என்ன, வெட்டச் சொல்லு."

"மாட்டேன். இதுக்காகத்தானே அப்படிச் சண்டை போட்டோம்? இதைத் தூக்கிட்டா எதுக்குப் பிரிஞ்சோம்னு பார்க்க ஒண்ணுமே இருக்காது." கைப்பையை எடுத்துக்கொண்டார். "எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா வாயால கேளுங்க. படத்த வெட்டிக் கேக்காதீங்க."

நான் வெளியே வந்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை. வெகுநேரமாகியும் இருவரும் வெளியே வரவில்லை. காபி கொண்டுபோகலாமா என்றார் பூதக்கண்ணாடி. வேணாம் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இயக்குநர் போன். "அப்படியே இருக்கட்டும்." வைத்துவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாலாவது ரீலில் பச்சை தூக்கலாக இருக்கிறது. வேலை, வேலை. முதுகு ஒடிகிறது. சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

மே 17, சனி

காட்டியாயிற்று. அரங்கு முக்கால்வாசி நிரம்பியது. அந்தக் காட்சியில் சிலர் எழுந்து வெளியே போனார்கள். முன்வரிசையில் ஒருவர் போனைத் திறந்தார், பக்கத்தில் இருந்த அம்மா அதட்டி மூட வைத்தார். ஊளை இல்லை. சட்டைகளை அவள் உதறும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஐயோ, மறுபடியுமா" என்றது. கேலி இல்லை, அவளுக்காகப் பட்ட வருத்தம்.

மேடையில் இயக்குநர் சொன்னது: "இது என் படம். இதுல இருக்கற தப்பும் என்னோடது. எடிட்டர் பேச்சை நான் கேக்கல." எடிட்டரம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரும் படம் பார்க்க வந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

இயக்குநரின் முதல் படத்தை மீட்கும் வேலையும் நமக்குத்தான். நெகடிவ் இல்லை, சுமாரான ஒரு பிரிண்ட் மட்டும். ரீல் வரிசையில் ஒரு சந்தேகம் கேட்க அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது எடிட்டரம்மா.

"அவர் காய்கறி வாங்கப் போயிருக்கார். ரீல் விஷயம்னா எங்கிட்டயே கேளு."

கேட்டேன். சொன்னார். பிறகு, "ஒரு விஷயத்துல மட்டும் நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறோம். அந்தப் படத்துல இடைவேளை தப்பான இடத்துல வருது" என்றார்.

"இடைவேளைய நான் மாத்த மாட்டேம்மா."

"தெரியும். அதையும்தான் அவர்கிட்ட சொல்லிட்டு இருக்கேன்."