அந்தச் சனிக்கிழமையின் மூன்று எண்கள்

அக்கா,

கணக்கு நோட்டின் அட்டை கிழிந்துவிட்டது. பிரித்தால், உட்பக்கம் உன் ஆபீஸ் காகிதம். பிரிண்டர் ரிப்பன் மையின் வாசனை இன்னும் போகவில்லை. எல்லோரும் தூங்குகிறார்கள்.

நீ மஞ்சள்காமாலையில் போய் இரண்டு மாதம். நேற்று உன் அதிகாரி வீட்டுக்கு வந்தார். அந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் ஊர்ந்ததற்கு நீதான் காரணமாம். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் விசாரணையை முடித்துவிடுவாராம். அப்பா எழுதிவிட்டார். காலையில் அடையாறு ஆபீசுக்குப் போய்க் கொடுக்கப் போகிறார்.

அன்று நானும் அங்கே இருந்தேனே! செருப்பை வெளியே விட்டுவிட்டு, அந்தக் குளிர் அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை கொடுத்துவிட்டு, ஓர் ஆராய்ச்சி மாணவி உட்படப் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

"இன்னாம்மா, மிஷினு தூங்கிக்கினு கீதா?" என்றார் டீ கொண்டுவந்தவர்.

"அதை எழுப்பத்தாண்ணே டீ கேட்டேன்," என்றாய்.

நீ ஏதோ தட்டினாய். ஒன்பது, ஏழு, இரண்டு என்று அச்சாயிற்று. கடைசி ஒரு நிமிடத்தில், ஐந்து நிமிடத்தில், பதினைந்து நிமிடத்தில் சராசரியாக எத்தனை வேலைகள் வரிசையில் நின்றன என்ற கணக்கு. "முதல் நம்பர் மத்ததைவிடப் பெருசுன்னா கூட்டம் ஏறுதுடி. சின்னதுன்னா இறங்குது."

அதிகாரி ஒன்பதை மட்டும் பார்த்தார். "அந்த ஆராய்ச்சிப் பொண்ணோட வேலைதான் பெருசு. அதை நிறுத்து."

"சார், எத்தனை நிக்குதுன்னுதான் இது சொல்லும். எதுக்கு நிக்குதுன்னு சொல்லாது."

எழுந்து போய் டிஸ்க் பெட்டியில் காதை வைத்தாய். ஓயாமல் கடகடத்தது. திரும்பி வந்து வேறொன்றைத் தட்டிப் பார்த்தாய்: அவரே தொடங்கியிருந்த ஒரு பெரிய ஃபைல் நகலெடுப்பு டிஸ்க்கைப் பிடித்து வைத்திருந்தது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் நின்றன. நகலெடுப்பை நிறுத்தினாய். அவர் முகம் சிவந்தது. அடுத்த வாரமே நீ படுத்துவிட்டாய்.

நீ அட்டை போட்டுத் தந்த இந்தக் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது: அவர் பெயரில் ஓடிய நகலெடுப்பு, அதை நீ நிறுத்திய நேரம், சற்று நேரத்தில் ஒன்று, மூன்று, ஆறு.

அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழித்துவிட்டேன், அக்கா. காலையில் அடி விழும். விழட்டும். அவர் ஓய்ந்ததும் உட்காரவைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துக் காட்டுவேன். புரியாவிட்டால் அவரோடு பஸ் ஏறுவேன். உன் அதிகாரியின் முன்னால் நின்று, நீ 'சார்' என்று தொடங்கினாயே, அந்தக் குரலில் தொடங்குவேன். அது எனக்கு வரும்.