ஊட்டிக் கள்ளியின் மொட்டு

என் வீட்டு கேட்டருகே நாம் இருவரும் அடுக்கிய கருங்கற்களுக்கு நடுவே, இன்று காலை உன் ஊட்டிக் கள்ளியில் ஒரு மொட்டைப் பார்த்தேன். வெயில் ஏறினால் விரியும். அதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதிய பழக்கப்படி முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நீ வேண்டாமென்றும் தண்ணீர் ஊற்றினேன்.
2. செடி அழுகியதை மறைத்துப் பொய் சொன்னேன்.
3. அதை நம்பி நீ நிம்மதியாகப் போனாய்.

ஒரகடத்து வெயிலில் மலைக்கள்ளியா என்று நம் ஃபேக்டரி கிரேன் செக்ஷனில் உன்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஊட்டி நர்சரியில் நீ பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. இங்கே ஐந்து வருடம் ஒரு மொட்டுகூட விடவில்லை. "ஒரே ஒரு தபா பூத்துட்டா போதும்பா" என்பாய்.

ஆபரேஷனுக்குப் போகுமுன் தொட்டியை என்னிடம் தந்தாய். எலுமிச்சை அளவு உருண்டை. "பனி முடியற வரைக்கும் தண்ணி காட்டாத. சுருங்கும், பயந்துடாத. அப்பதான் பூக்கும். இன்னா இன்ஸ்பெக்டரு, இதுக்கும் கேஜ் வெப்பியா?"

வைத்தேன். வாராவாரம் வெர்னியரால் அளந்தேன். விட்டம் குறைந்துகொண்டே வந்தது. அளவு தவறியதை அப்படியே விட்டுப் பழகாத கை. மார்கழியில் ஒரு ஞாயிறு அரை டம்ளர் ஊற்றினேன். அடுத்த ஞாயிறும். அளவு ஏறியது, சந்தோஷப்பட்டேன். மூன்றாம் வாரம் விரல் பட்டதும் உள்ளே அமுங்கியது. கற்களுக்குள் வீசிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ முதலில் கேட்டதே அதைத்தான்.

"பூத்துடுச்சு" என்றேன்.

"மெய்யாலுமா! இன்னா கலரு?"

நான் அந்தப் பூவைப் பார்த்ததே இல்லை. "சிவப்பு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் கையைத் தட்டினாய். "ஷோக்கா இருக்கும்ல?" நான்கு நாளில் போய்விட்டாய்.

வீசியதில் ஒட்டியிருந்த குட்டி ஒன்று, மழை படாத பலகைக்கல்லின் அடியில் பிழைத்திருக்கிறது. இரண்டு வருடமாக அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. அதனால்தான் மொட்டு விட்டதோ என்னவோ.

இவ்வளவும் எழுதிவிட்டு இப்போது எழுந்து போய்ப் பார்த்தேன். விரிந்துவிட்டது.

மஞ்சள்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. செடி போய்விட்டது என்று தெரிந்துகொண்டுதான் என் கையைத் தட்டியிருக்கிறாய்.