இல்லை என்று சொல்ல ஒருவர்

நலம் முந்துக, நாடு இரண்டும் விளைக. மலை சூழ்ந்த வெண்குன்ற நாட்டின் பேரரசியார், தாழைத்துறைக் குலத்தில் நால்வர் முடிசூடக் கண்ட கண்ணினர், மருதங்கோதையார் திருவாய் மொழிய, ஓலைநாயகன் கீரந்தை எழுதிய ஓலை. தாழைத்துறையின் வேந்தர், அலைகடற் காவலர், இளமையிலேயே செங்கோல் ஏந்திய நன்னிளங்கோ அவர்கள் திருமுன் சேர்க. தங்கள் உப்பளங்கள் வெளுக்க; தோணிகள் நிறைந்து கரையேறுக; தங்கள் அன்னையார் நோய் நீங்குக.

தங்கள் தூதர் கொணர்ந்த பட்டும் முத்தும் வந்தன, வேண்டுகோளும் வந்தது. நூறாண்டு கடந்தும் கோலின்றி நடக்கும் எம் பேரரசியார் உண்ட, ஆயுள் நீட்டும் கற்பமருந்து யாதென்று, அன்னையாரின் பொருட்டுத் தாங்கள் வினவியிருந்தீர்கள். எம் அரண்மனை வைத்தியரைக் கேட்டால் எல்லாம் தம் கைப்பக்குவம் என்று மீசையை முறுக்குவார். அட, அவர் பாட்டனார் மருந்து இடிக்கப் பழகிய காலத்திலேயே பேரரசியாருக்குக் கடைவாய்ப் பல் விழுந்துவிட்டது! உண்மை இதுதான்: காலையில் கம்பங்கூழ், மாலையில் மோர், இடையில் சாக மறந்தது. மருந்தென்று ஒன்று இருந்தால் பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்க மாட்டோமா என்று பேரரசியார் கேட்டார்.

ஆனால் நெடுவாழ்வு எதை எடுத்துக்கொள்ளும் என்பதை மறைக்காமல் எழுதச் சொன்னார். எழுதுவோன் தடுத்தும் கேட்கவில்லை; நூறு வயதுக்கு மேல் பிடிவாதமும் ஒரு படைக்கலம்.

எம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதியோர் பழைய செய்தி சொன்னால், உடனிருந்த ஒருவர் ஆம், அப்படித்தான் என்று ஒத்துரைக்க வேண்டும். மூத்தோர் சொல்லை மறுமொழியின்றித் தரையில் விழவிடுதல் பாவம் என்பர். பேரரசியாரோடு வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசித் தோழியையும் எரித்துத் திரும்பிய அன்று, ஒத்துரைக்க ஆளில்லையே என்று அரசவை பதறி, நல்ல குரலுடைய இளையோர் சிலரை அப்பணிக்கு அமர்த்தியது. அன்பினால் செய்தது, அறிவினால் செய்ததென்று சொல்ல மாட்டேன்.

தங்கள் முன்னோர் எம் கோட்டையை வளைத்த கதையைத் தாங்கள் அறிவீர்கள். கோட்டைக் குளம் வற்றி, மண்ணைப் பிழிந்து குடித்த கோடை அது. தண்ணீர் கேட்டு உடன்பாடு பேசவென்று பேரரசியாரின் தம்பி இளந்தித்தனார் மேற்கு வாயில் வழியே தனியே இறங்கினார். மதில்மேல் நின்ற அக்காளைத் திரும்பிப் பார்த்தார், கையை உயர்த்தினார், அம்பு பாய்ந்தது. அந்த உயர்ந்த கையைப் பற்றிக்கொண்டுதான் பேரரசியார் இத்தனை காலம் நடந்து வந்தார்.

ஒருநாள் சலிப்பில், ஒத்துரைப்போரைச் சோதிக்க எண்ணி, தம்பி இறங்கிய அன்று நல்ல மழை என்றார். ஆம் தாயே, தெப்பமாய் நனைந்தோம் என்றார்கள், அன்று பிறந்தேயிராதவர்கள்! மழை பெய்திருந்தால் அந்தப் பிள்ளை ஏன் இறங்கப்போகிறான் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அன்று பேரரசியார் சிரித்தார்.

பிறகு நேர்ந்ததுதான் கொடுமை. இப்போது கண்ணை மூடினால் தம்பி மழையில் இறங்குகிறார். தலைமுடியிலிருந்து நீர் சொட்டுகிறது. பொய்யென்று தாமே அறிவார், ஆயினும் ஈரத்தைக் காண்கிறார். சொல்லிச் சொல்லி மழை உள்ளே வந்ததென்றால், அந்தக் கை எப்போது வந்தது என்பதே அவருடைய கேள்வி. தம்பி உண்மையில் திரும்பிப் பார்த்தாரா, தாங்கமாட்டாத மனம் தானே அக்கையை உயர்த்தி வைத்ததா? மாளிகை நிறைய ஆட்கள், கேட்க ஒருவரில்லை. தனிமை என்றால் இதுதான், வேந்தே.

அன்று எதிரே நின்றவருள் ஒருவர் மட்டும் இன்னும் உயிரோடிருப்பதாகத் தங்கள் தூதர் வாய்தவறிச் சொன்னார். தங்கள் வில்லிப்படைத் தலைவராயிருந்த அழிசியார். அவரை அனுப்பியருள்க. அம்பு அவருடையதோ பிறருடையதோ, அது வேண்டாம். நண்பராக வரவேண்டியதில்லை, பகைவராகவே வரட்டும். ஆம் என்போர் எமக்கு நிறைய உண்டு. இல்லை என்று சொல்லத் துணிந்த ஒருவர் போதும். இவ்வோலையை அவருக்குப் படித்துக் காட்டற்க. அன்று என்ன கண்டாய் என்று மட்டும் இங்கே கேட்கப்படும். இறந்திருப்பின் அதையும் மறைக்காது எழுதுக.

எம் எல்லைக் காவலர்க்கும் கோட்டைக் காவலர்க்கும் இட்ட ஆணை: அன்று முதல் அடைத்துக் கிடக்கும் மேற்கு வாயிலைத் திறந்து வைக்க. அழிசியாரின் வாளை எவரும் வாங்கற்க. மழை என்ற சொல்லை எவரும் அவர் காதில் போடற்க.

அரக்கு உருகும்போது பேரரசியார் கீரந்தையாகிய என்னை நோக்கி, தம்பி கையை உயர்த்தினான் அல்லவா என்று வினவினார். பழகிய நாக்கு, ஆம் என்று எழுந்தது. அடக்கிக்கொண்டு, அடியேன் அங்கே இல்லை, தாயே, தெரியாது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பல்லாண்டுக்குப் பின் இன்றுதான் இந்த அறையில் தம்மோடு ஒருவர் இருக்கிறார் என்றார்.

இது பேரரசியார் ஆணை. குன்றும் விளக்கும் பொறித்த முத்திரை இட்டோம். வாயில் திறந்தே இருக்கும்.