எல்லாமும் அவரே என்றால்

மார்ச் 3
கலைக்களஞ்சியத்தில் எனக்கு ஒதுக்கிய தலைப்பு: ‘எல்லாம் கடவுளே என்னும் கொள்கை – சமயங்களிலும் தத்துவங்களிலும்’. இரண்டு பக்கம், மாதக் கடைசிக்குள். சுலபம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 7
சுலபமில்லை. அத்வைதம், இருப்பது பிரம்மம் ஒன்றே, உலகம் தோற்றம் என்கிறது. அப்படியானால் உலகம் கடவுளா, இல்லையா? சூஃபிகளில் சிலர் இருப்பு ஒன்றே என்கிறார்கள். படைத்தவனும் படைப்பும் ஒன்றா என்றால் மறுக்கிறார்கள். பழைய கிரேக்கத்து ஸ்டோயிக்குகள் உலகத்தையே கடவுள் என்றுவிட்டார்கள். சீனர்களின் தாவோவில் கடவுள் பேச்சே இல்லை. கிறிஸ்தவம் ‘எல்லாவற்றிலும்’ என்று சொல்லும், ‘எல்லாமும்’ என்று சொல்லாது. ஓர் உருபு மாறினால் கட்சி மாறிவிடுகிறது.

மார்ச் 8
தலை சுற்றுகிறது.

மார்ச் 12
அக்காவின் மார்பில் இருப்பது புற்றுக்கட்டிதான். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. 24ஆம் தேதி அறுவை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அத்தான், காரை எங்கே நிறுத்தினோம் என்று அரைமணி நேரம் தேடினார். எதிரிலேயே நின்றது.

மார்ச் 16
அக்கா என் கட்டுரையை, எழுதியவரை வாங்கிப் படித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “எல்லாமே கடவுள்னா, எனக்குள்ள வளருதே, இதுவும் அவர்தானா?”

முழுமையைப் பார்க்க முடியாததால்தான் நமக்குத் தீமை தெரிகிறது என்கிறார்கள் என்று உளறினேன்.

“என் பார்வை நல்லாத்தான்டி இருக்கு” என்றாள்.

ஏன் சொன்னேன்? சும்மா இருந்திருக்கலாமே. யாருக்குப் பாடம் எடுக்கப் போனேன் நான்?

மார்ச் 19
பதிப்பாசிரியரிடம் அக்காவின் கேள்வியைச் சொன்னேன். காலங்காலமாகக் கேட்கிற கேள்விதான், ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள் என்றார். அவள் படுகிற பாடு இவருக்கு ஒரு பத்தி! கோபம் வந்தது. ஆனாலும் எழுதினேன். அதற்கும் சேர்த்து என் மேலேயே கோபம்.

மார்ச் 24
நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில். வேண்டிக்கொள்ளலாம் என்றால், யாரிடம்? எல்லாம் அவரே என்றால் கேட்கிற நானும் அவர், கத்தி பிடித்தவரும் அவர், கட்டியும் – போதும். வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று இப்போதும் தெரியவில்லை.

மார்ச் 25
முழுதாக எடுத்துவிட்டார்களாம். இனி ஆறு மாதம் மருந்து. அக்கா கண் விழித்ததும் கேட்டது: “எடுத்ததை எங்கடி போட்டிருப்பாங்க? அதுவும் நான்தானே?”
கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 31
கட்டுரையைக் கொடுத்தேன். குழப்பம் தீரவில்லை. பக்கம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 9
கட்டு பிரித்த பிறகு முதல் குளியல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கு, நீ பார்த்துச் சொல்லு என்றாள்.

“செவந்திருக்கு. ஒரு ஓரத்துல தையல் இழுத்துட்டிருக்கு. மத்த இடம் ஆறிட்டு வருது.”

தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே குனிந்து பார்த்தாள்.