கவாத்துக்கு நான் ஊரில் இல்லை

3.6.92, புதன்
காலையிலேயே வெயில். சைதாப்பேட்டை லாட்ஜிலிருந்து அடையாறு ஆஸ்பத்திரிக்கு பஸ். மனைவி புஷ்பத்துக்கு வயிற்று ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள். இன்னும் பத்து நாள் இருக்க வேண்டுமாம். கம்பத்தில் நம் தோட்டத்தில் பன்னீர் திராட்சைக்குக் கவாத்து, கொடி வெட்டு, தள்ளிப்போகிறது. இன்னும் தாமதித்தால் பூ மழையில் மாட்டும். தம்பி சேகருக்கு போன். நாளைக்கே வெட்டு, முதலில் ஒரு ஏக்கர் மட்டும். வெட்டிய இரண்டு நாளுக்குள் கொடியில் துளிர் வரும் கண்களில் மருந்து தடவி முடி, அப்போதுதான் எல்லாம் ஒன்றாகத் துளிர்க்கும். "சரிண்ணே."
வாங்க: சோப்பு, ஃப்ளாஸ்க் மூடி.

5.6, வெள்ளி
சேகர் இரண்டு ஏக்கரையும் வெட்டிவிட்டான். "ஆளு கெடைச்சாங்கண்ணே, அதான்." இன்று அவர்கள் வேறு தோட்டத்தில். மருந்து தடவ முருகன் ஒருவன்தான். அவன் வெட்டுக்கு வருகிறவன், மருந்தைத் தொட்டதே இல்லை. போனில் கத்திவிட்டேன். பூத்கார பாய்: "மெதுவா பேசு நைனா. லைன் நல்லாத்தான் கீது."
புஷ்பம் முகத்தைப் பார்த்தே கேட்டாள். வருஷா வருஷம் மருந்து வேலையை நடத்துகிறவள் அவள்தான். "தெக்குத் தெருப் பொம்பளைகளையும் கூப்பிடச் சொல்லுங்க. கையில உறை போடாம தொட விடாதீங்க. தடவுனவங்க ரெண்டு மூணு நாளைக்குக் குடிக்கக் கூடாது. முருகன்கிட்ட முக்கியமாச் சொல்லுங்க. சாராயத்தோட சேந்தா அது வெசம்."
மறுபடி பூத். ஆட்கள், உறை வரை சொன்னேன். லைன் போய்விட்டது. பின்னால் நான்கு பேர். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

6.6, சனி
புழுக்கம். புஷ்பத்துக்குக் காய்ச்சல். நாள் முழுக்க வார்டில். போன் பண்ணவில்லை.

7.6, ஞாயிறு
காய்ச்சல் விட்டது. போன். மருந்து நேற்றே தடவி முடிந்ததாம். வேலை முடிந்து முருகன் குடித்திருக்கிறான். முகம் சிவந்து, மூச்சு முட்டி, விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில். "பொழைச்சுக்குவான்னு சொல்றாங்கண்ணே." சேகருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவன் நான். புஷ்பத்திடம் சொல்லவில்லை.

10.6, புதன்
சேகர் முருகனையே போனுக்குக் கூட்டி வந்திருந்தான். "எந்திரிச்சிட்டேண்ணே. மதினிக்கு எப்படி இருக்கு?" குடிக்கக் கூடாதென்று அவள் சொல்லச் சொன்னாள், நான்தான் சொல்லாமல் விட்டேன் என்றேன்.
"சொல்லிருந்தா குடிச்சிருக்க மாட்டேண்ணே."
வார்டுக்கு வந்து புஷ்பத்திடம் எல்லாம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போனது.

13.6, சனி
தூறல். கால் வலி. இரண்டு ஏக்கரிலும் கண்கள் ஒன்றுபோல் உப்பிவிட்டனவாம். சேகருக்கு ஒரே சந்தோஷம். புஷ்பத்திடம் சொன்னேன். மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.
"முருகன் வேலைக்கு வந்தானா?"
இல்லை என்றேன்.