திருப்பி வாங்காத சீர்

மதினி,

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்தப் பிளாஸ்டிக் சாடி கையில் தட்டுப்பட்டது. ஓரத்தில் கோடு கோடாய் அளவு போட்டு, மூக்கு வைத்த சாடி. உங்கள் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த புதிதில் அதில்தான் அவர் ஒன்றுக்குப் போவார், நான் அளந்து பார்ப்பேன். வெள்ளையடிக்க வந்த பெண் அதைத் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, மோர் ஊத்துறதா? நான் எடுத்துக்கிரவா?" என்று கேட்டாள். பதறிப் பிடுங்கினேன். மூக்கருகே கொண்டுபோனால் பழைய பினாயில் வாடை லேசாக இருந்தது. அவ்வளவுதான், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மூத்திரச் சாடியைக் கட்டிக்கொண்டு அழுதவள் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

அவருக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று தெரிந்தபோது செவ்வந்தித் தோட்டத்தில் பூ எடுப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். வாரத்தில் பாதி நாள் திண்டுக்கல்லுக்கு டயாலிசிஸ். பம்ப்செட் தொட்டியில் வாய் வைத்துக் குடித்துப் பழகிய மனுஷனுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். ஒருநாள், கை கழுவுகிற சாக்கில் விரலை நக்கியதைப் பார்த்தேன். பார்க்காதது போல வந்துவிட்டேன்.

மாற்றுக் கிட்னி வைத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. என் ரத்தம் வேறு குரூப். வேறு யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமல், சித்தையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, ஒரு பை கத்தரிக்காயோடு வந்து இறங்கினீர்கள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப்புதான். பாத்துட்டுத்தான் வாரேன்" என்றீர்கள். கத்தரிக்காய் விலையைச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

சம்மதம் கேட்க நான் உங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு உங்கள் மாமியார் ஆடிய ஆட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எங்க வீட்டுக்கு முழுசா வந்தவ. கொறச்சு அனுப்ப முடியாது" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மருமகள் என்றால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன். நீங்கள் மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"வருசா வருசம் தைக்கு அரிசி, வெல்லம், சேலைன்னு அவன் எனக்குச் சீர் கொண்டாந்தான். நீங்களும் வேணாம்னு சொல்லல அத்தை. இந்தத் தடவ நான் அவனுக்கு ஒரு சீர் அனுப்புறேன். அம்புட்டுத்தான்."

அண்ணன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "கையெழுத்து எங்க போடணும்?" என்று என்னைக் கேட்டார். உங்கள் புருஷனைப் போல ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை, மதினி. இன்றைக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

மதுரையில் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா நம்மை உட்கார வைத்து விளக்கினார். வைக்கிற கிட்னியை அவர் உடம்பு அந்நியப் பொருள் என்று நினைத்து விரட்டப் பார்க்கும், அப்படி விரட்டாமல் இருக்க ஆயுசு முழுக்க, ஒரு வேளைகூடத் தவறாமல், மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். நீங்கள் பொங்கிவிட்டீர்கள். "கூடப் பொறந்தவளத் தெரியாதாமா அவன் உடம்புக்கு? இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன்!" டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்த பிறகும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

நான் அந்த மாதம் முழுக்கச் சாமிகளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். குலசாமிக்குக் கிடா, பழனிக்கு மொட்டை, மாரியம்மனுக்குத் தீச்சட்டி. கழுத்தில் பேகம்பூர் தர்காவில் மந்திரித்து வாங்கிய கயிறு. டயாலிசிஸில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருடைய மனைவி கொடுத்த மாதா படம் மணிபர்ஸில். "ஏத்தா, எம்புட்டு சாமிகிட்டத்தான் கடன் வாங்குவ?" என்று கேலி செய்தீர்கள். உங்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன காலையில், ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையார் முன்னால் நிறுத்தச் சொன்னீர்கள். என்ன வேண்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். "அவன் உடம்பு என்னையத் தொரத்திரக் கூடாதுன்னு கேட்டேன்" என்றீர்கள். உங்களுக்கென்று என்ன கேட்டீர்கள் என்றேன். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?"

மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் நீங்கள் அண்ணனைத் தேடவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை. வறண்ட வாயோடு முதலில் கேட்டது, "அவன் ஒண்ணுக்குப் போனானா?" என்றுதான். போனார், மதினி. கட்டிலோரம் தொங்கிய பையில் சொட்டுச் சொட்டாக, பிறகு தாரையாக இறங்கியது. மாதக்கணக்கில் வறண்டு கிடந்த உடம்பு. கண்ணாடிக்கு வெளியே நின்ற நான் அந்தப் பையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் போல நான் எந்தக் கோயிலிலும் கும்பிட்டதில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ், "எல்லாரும் இப்படித்தான்க்கா கும்பிடுறாங்க" என்றாள்.

நடக்க விட்டதும் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து உங்கள் கட்டிலுக்கு வந்தார். காலில் விழக் குனிந்தவரை, "ஏலே, எந்திரி, தையல் பிரிஞ்சிரும்!" என்று அதட்டினீர்கள். நன்றி சொல்ல நீங்கள் யாரையும் விட்டதில்லை. பின்னாளில் ஒருதடவை சோறும் பொரியலும் பரிமாறிக்கொண்டே, "மதினி, உங்களுக்கு நான்…" என்று ஆரம்பித்தேன். "வெஞ்சனத்துல உப்பே இல்ல. மொதல்ல அதப் பாரு" என்று சொல்லித் தட்டைத் தள்ளினீர்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்துபோனேன். அன்றைக்கே கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. காலில் ஒரு வெட்டுக்காயத்தோடு வாழைக்குத் தண்ணீர் வடித்துவிட வயலில் இறங்கியிருக்கிறீர்கள். காய்ச்சல் வந்ததும் ஊசி போட்டுக்கொண்டு மறுபடி வயலுக்குப் போயிருக்கிறீர்கள். கண் மஞ்சளான பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். அதே மதுரை, அதே ஆஸ்பத்திரி. இந்த முறை பை உங்கள் கட்டிலோரம் தொங்கியது. அதில் ஒன்றும் இறங்கவில்லை.

நான் நாளெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாத சாமி இல்லை. டயாலிசிஸ் செய்தார்கள். நுரையீரலில் ரத்தம் கசிகிறது என்றார்கள். இரண்டு கிட்னி இருந்திருந்தால் உங்களுக்கு இப்படி ஆகியிருக்குமா என்று அண்ணன் கேட்டார். "இந்தக் காய்ச்சல் ரெண்டு இருந்தா ரெண்டையும் பிடிக்கும்" என்றார் டாக்டரம்மா. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அந்த வராந்தாவில் நின்ற உங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அதை நம்பவில்லை. பாதி நேரம் நானும் நம்பவில்லை.

உங்கள் தம்பியை உள்ளே விடவில்லை. தொற்று வந்தால் அவர் தாங்க மாட்டார் என்று முகக்கவசத்தோடு படிக்கட்டுப் பக்கம் உட்கார வைத்திருந்தோம். டாக்டரம்மா அந்த வழியாக வந்தபோது எழுந்து போய் மறித்தார். சட்டையைத் தூக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினார்.

"அக்காவோடதுதான் டாக்டர் இது. நல்லாத்தான ஓடுது? எடுத்து அவுகளுக்கே வச்சிருங்க. நான் பழையபடி திண்டுக்கல்லுக்குப் போயிக்கிறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். முடியும் என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் பயந்தேன். நீங்களும் வேண்டும், அவரும் வேண்டும் எனக்கு. இருந்தது ஒன்று. முடியாது, வைத்தாலும் இப்போதிருக்கிற நிலையில் நிற்காது என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். உங்கள் தம்பி கேட்கவில்லை. "அவுக பொருள அவுககிட்டக் குடுக்க உங்களுக்கு என்ன?" என்று கத்தினார்.

சாயங்காலம் என்னை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். உங்களுக்கு நினைவு இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "உங்க தம்பி திருப்பித் தாரேன்னு வெளிய சண்ட போடுறாரு மதினி" என்றேன். ஆக்ஸிஜன் மூடியை விலக்கினீர்கள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்.

"கிறுக்குப்பய… சீரத் திருப்புனா… உறவு அந்துபோச்சுன்னுல்ல அர்த்தம். நான் வாங்க மாட்டேன்னு சொல்லு."

உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். விடியும்போது போய்விட்டீர்கள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உங்கள் தம்பிதான் கொண்டுவந்தார். கூட்டத்தில் நிற்காதீர்கள் என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை. நீங்கள் ஆசைப்படுகிற மாம்பழக் கலர். அதை உங்கள் மேல் விரித்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "குடுத்தவ படுத்துக் கெடக்கா, வாங்குனவன் நிக்கிறான் பாரு" என்றது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்டது என்பது மட்டும் அவர் முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

நான் சாமி கும்பிடுவதை விட்டேன். எங்கள் கிடாவையும் மொட்டையையும் வாங்கிக்கொண்ட சாமி, ஒன்றும் கேட்காத உங்களை மட்டும் எதற்காக எடுத்துக்கொண்டது? கேட்டால்தான் கொடுக்குமா? இப்போது மறுபடி கும்பிடுகிறேன். கோபம் போகவில்லை, கும்பிடாமல் இருக்கவும் தெரியவில்லை.

காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மறைக்கக்கூட இல்லை. நான் எடுத்து நீட்டினால், "எனக்கு இனி வேணாம்" என்று கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், பிள்ளைகளை விட்டு அழச் சொன்னேன். அசையவில்லை. மறுநாளும் அப்படியே. கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன், வீக்கம் தொடங்கியிருக்கிறதோ என்று பயம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை, போர்வையை இழுத்துப் போட்டேன்.

"உங்களுக்கு வேணாம்னா வேணாம். சாகுறதுன்னா சாவுங்க. ஆனா உள்ள இருக்கிறது உங்க பொருள் இல்ல. மதினி அங்க உசுரோட இருக்காக. ஒரு தடவ செத்தது போதாதா? ரெண்டாந்தடவ நீங்களே கொல்லப் போறீகளா?"

சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். அடிவயிற்றில், உங்களை வைத்துத் தைத்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதார். அழுது முடித்து உள்ளங்கையை நீட்டினார். மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியாட்டினின் உப்பு ஏறியிருந்தது. டாக்டரம்மா இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார். மெல்ல மெல்ல இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு மாத்திரையை நான் அவர் பொறுப்பில் விடுவதில்லை. காலையும் இரவும் நானே பிரித்துக் கையில் வைத்து, வாயில் போடும்வரை நின்று பார்க்கிறேன். சோறு பரிமாறும்போது அவர் என் வீட்டுக்காரர். உப்பில்லை என்று அவர் முணுமுணுப்பதும் நான் பதிலுக்குக் கத்துவதும் உண்டு. மாத்திரை கொடுக்கும்போது மட்டும் எனக்கு அவர் முகம் தெரிவதில்லை. "மதினி, வாயத் திறங்க" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீரை நீட்டுகிறேன். நீங்கள் விழுங்கிவிடுகிறீர்கள்.